கண்ணாடி மூடி

பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் கேனப்பியில்தான் வந்து நிற்கும். விமானியின் தலைக்கு மேல் குமிழ் மாதிரி இருக்குமே, அந்தக் கண்ணாடி மூடிக்குத்தான் கேனப்பி என்று பெயர். இறக்கை சேரும் இடத்தில் இடுக்கு விழுந்தால் புட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். வர்ணம் திட்டுத்திட்டாக வந்தால் கழுவிவிட்டு மறுபடி அடிக்கலாம். கேனப்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. அநேகமாகக் கிட்டில் ஒன்றுதான் வரும். அதில் ஒரு விரல் ரேகை பதிந்தால்கூடப் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அலமாரியில் பதினேழு விமானம் இருக்கிறது. சக்கரத்துக்கும் வாலுக்கும் நான் எவ்வளவு உழைத்திருந்தாலும் சரி, எல்லோரும் முதலில் குனிந்து எட்டிப் பார்ப்பது அந்த மூடிக்குள்தான். "உள்ளே ஆள் இருக்காரா தாத்தா?" என்று கேட்காத குழந்தை இல்லை. பெரியவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

என் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இருப்பது கோவையில், சிங்காநல்லூர் தாண்டி. சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்தில்தான். 2018-ல் தேஜஸ் விமானங்கள் சூலூருக்கு வந்ததிலிருந்து மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போதே தலைக்கு மேல் போர் விமானம் போகும். வீட்டுக்காரி வடகத்தைப் பார்ப்பாள், நான் விமானத்தைப் பார்ப்பேன். மகன் முதல் தடவை வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு கிட் வாங்கி வந்தான். அப்படித்தான் இந்தப் பழக்கம் தொற்றியது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அண்ணன் இருக்கிறார். வயது 76. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருபது வருடம் வேலை பார்த்தவர். விமானத்தின் உடம்பு, இறக்கை, சக்கரம், இந்தக் கண்ணாடி மூடி எல்லாவற்றையும் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் வேலை. பஞ்சாபிலும் அஸ்ஸாமிலும் இருந்திருக்கிறார். தெருவில் அவரை 'ஏர்ஃபோர்ஸ்காரர்' என்பார்கள். பைலட் என்று நினைத்து யாராவது பேசினால் உடனே திருத்துவார்: "ஓட்டுனது அவிங்க. ஓட்டற மாதிரி வெச்சிருந்தது நாங்க."

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி மிக்-21 விமானங்களுக்குச் சண்டிகரில் விடை கொடுத்தார்கள். 1963-ல் நம் படையில் சேர்ந்தது. 62 வருடம் பறந்திருக்கிறது. டி.வி.யில் காட்டினார்கள். எங்கள் வீட்டு டி.வி. கொஞ்சம் பெரியது என்பதால் அண்ணன் இங்கே வந்துவிட்டார். சோபாவில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தார். கடைசி விமானங்கள் வரிசையாக வந்து இறங்கின. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். "புகை மூட்டமாட்டத் தெரியுதுங்க தம்பி" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரி காபி போட எழுந்து போனாள். கலங்கியும் இருக்கலாம். ஆனால் இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருவதும், ஆபரேஷனுக்குப் போகாமல் இரண்டு வருடமாக அவர் தட்டிக்கழித்து வருவதும் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

காபி குடித்துவிட்டுக் கேட்டார். "நீங்க பண்ணறீங்களே, அதுல மிக் ஒண்ணு பண்ணித் தருவீங்களா? பிஸ்தான் வேணும். அதுலதான் நான் கடைசியா வேலை பார்த்தது."

செக் நாட்டு எடுவர்ட் கம்பெனி 1/48 அளவில் மிக்-21பிஸ் போடுகிறது. பெட்டி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. முடித்தால் முப்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட நீளம் வரும். இரண்டு மாதத்தில் உடம்பு, இறக்கை, வால் எல்லாம் சேர்த்தாகிவிட்டது. விமானி அறைக்குள் ரஷ்யர்கள் அடிக்கும் ஒரு நிறம் உண்டு. நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், நம் ஊரில் பழைய வீட்டுக் கதவுகளில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. மூன்று வர்ணம் கலந்து அட்டையில் அடித்து, அண்ணனிடம் காட்டினேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் பச்சை" என்றார். கலந்தேன். "சரி" என்றார். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாகத் தெரியும் என்பதால் அந்த 'சரி'யை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

எனக்கே அந்த அனுபவம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கும் புரை எடுத்தார்கள். முதலில் வலது கண், ஆறு வாரம் கழித்து இடது. அந்த ஆறு வாரமும் எனக்கு ஒரே வேடிக்கைதான். இடது கண்ணை மூடிக்கொண்டு என் வேட்டியைப் பார்த்தால் சலவை வெள்ளை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அதே வேட்டி பழுத்த காகிதம். நீலத்தைச் சொல்லவே வேண்டாம். வர்ண டப்பாக்களை எல்லாம் வரிசையாக வைத்து ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கேனப்பிக்கு வருகிறேன். செய்கிறவர்களுக்குப் பயன்படும், செய்யாதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டில் வரும் கண்ணாடிப் பாகம் உண்மையில் கண்ணாடி இல்லை, பாலிஸ்டைரீன். மற்ற பாகங்களைவிட இது மொறுமொறுப்பானது. பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் கொடியிலிருந்து கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு கீறல் உள்ளே ஓடிவிடும். சன்னமான ரம்பத்தால் கொஞ்சம் தள்ளி அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்ப்பதுதான் நல்லது. சில கேனப்பிகள் கழுத்துப் பக்கம் குறுகிக் குமிழ் போலப் புடைத்திருக்கும். அவற்றை வார்க்கும் அச்சு இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதால் நடு உச்சியில் ஒரு கோடு விழும். அதைப் பிளேடால் சுரண்டி, 2000, 4000 என்று மேலும் மேலும் நைசான தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் கார் பட்டறையில் போடும் பாலிஷோ பற்பசையோ போட்டுத் துணியால் தேய்த்தால் பழையபடி தெளியும். நடுவில் ஒரு கட்டத்தில் அது பால் மாதிரி வெளுத்து நிற்கும். புதிதாகச் செய்கிறவர்கள் அங்கேதான் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம், தெளிந்துவிடும்.

அடுத்தது முங்கல். வெளிநாட்டில் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷ் ஒன்று உண்டு. தண்ணீர் மாதிரி இருக்கும். உலகம் முழுக்க மாடல்காரர்கள் அதைத் தரைக்குப் போடாமல் கேனப்பிக்குத்தான் போட்டார்கள். மகன் வாங்கி வந்த பாட்டிலில் இன்னும் கால்வாசி வைத்திருக்கிறேன். கேனப்பியை அதில் முக்கி எடுத்து, ஓரத்தைக் காகிதத்தில் ஒற்றி அதிகப்படியை வடித்துவிட்டு, தூசி படாமல் மூடி வைத்துவிட வேண்டும். நான் மூடுவது எவர்சில்வர் டபராவால். இரண்டு நாள் யாரும் அந்த டபராவைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். மெல்லிய கீறல்களை எல்லாம் அந்தப் பூச்சு நிரப்பிவிடும், வெளிச்சம் சிதறாது. பிடிக்கவில்லையென்றால் அம்மோனியா கலந்த தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், மறுபடி முக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. உடனே ஒட்டும் பசை இருக்கிறதே, அதன் ஆவி பட்டால் கண்ணாடிப் பாகம் பனி படிந்த மாதிரி வெளுத்துவிடும். இந்தப் பூச்சு அதற்கு ஓரளவு காப்பு. ஆனால் அந்தப் பசையைக் கேனப்பிக்குக் கிட்டேயே கொண்டுபோகாமல் இருப்பதுதான் உத்தமம். நான் ஒட்டுவது சாதாரண ஃபெவிகாலில். வெள்ளையாக இருந்தாலும் காய்ந்தால் தெரியாது, வழிந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

இதற்குப் பிறகுதான் சட்டங்கள். கேனப்பி முழுவதும் கண்ணாடி இல்லை. ஓரத்திலும் குறுக்கேயும் உலோகச் சட்டம் ஓடும். அந்தச் சட்டத்துக்கு மட்டும் வர்ணம் ஏற வேண்டும், கண்ணாடியில் ஒரு துளி படக்கூடாது. கையால் தூரிகை பிடித்து நேர்கோடு இழுக்கிற விரல் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். மற்றவர்களுக்கு மாஸ்கிங் டேப். ஜப்பான்காரர்களின் தாமியா டேப் மஞ்சள் நிறத்தில், சன்னமான காகிதத்தில் வரும். கண்ணாடி மேல் ஒட்டி, பல்குச்சியின் மொட்டை நுனியால் சட்டத்தின் விளிம்பு ஓரமாக அழுத்தித் தேய்த்தால் விளிம்பு டேப்பின் மேல் கோடாக எழும்பித் தெரியும். புதுப் பிளேடால் அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். அழுத்தக்கூடாது. டேப் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குத் தெரியவே கூடாது. வளைவு அதிகமான இடத்தில் அகலமான டேப் சுருங்கிக்கொள்ளும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நூல் மாதிரி நறுக்கிச் சட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டு போய், நடுவில் இருக்கும் வெற்றிடத்தை ரப்பர் பால் போன்ற திரவத்தால் மூடிவிடலாம்.

எடுவர்ட் பெட்டிகள் சிலவற்றில் அளவாக வெட்டின டேப்பே கூட வருகிறது. "அதெல்லாம் ஒட்டுகிற வேலை, கையால் வெட்டினால்தான் கலை" என்று சொல்கிற கூட்டம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால், வெட்டி வந்ததை ஒட்டுங்கள். எழுபது வயதுக்கு மேல் இதில் வீரம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வர்ணம் அடிக்கும் வரிசைதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த விஷயம். சட்டத்துக்கு வெளியே சாம்பல் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகச் சாம்பலை அடித்தால், கண்ணாடி வழியாக உள்பக்கம் பார்க்கிறவருக்கும் சாம்பலாகவே தெரியும். நிஜ விமானத்தில் சட்டத்தின் உள்பக்கம் வேறு நிறமாயிற்றே. அதனால் முதலில் உள்நிறத்தை வெளிப்பக்கமிருந்தே அடிக்க வேண்டும். அது காய்ந்த பிறகு அதன் மேல் சாம்பல். வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல், கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்நிறம். முதலில் அடித்தது உள்ளே போய்விடுகிறது. ஏர்பிரஷில் மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரமாக அடித்தால் டேப்புக்கு அடியில் வர்ணம் இழுத்துக்கொள்ளும். முன்னதாக நிறமில்லாத வார்னிஷை ஒரு பூச்சு விட்டுக்கொண்டால் டேப்பின் ஓரம் அடைபட்டுவிடும். கசிந்தாலும் கசிவது வார்னிஷ், யாருக்கும் தெரியாது.

கண்ணாடியின் கனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1/48 மாடலில் கேனப்பி ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால், நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் 48 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். நிஜக் கேனப்பி பொதுவாக அவ்வளவு கனமாக இருக்காது. அதனால்தான் நல்ல கம்பெனிகள் கேனப்பியை எவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியுமோ அவ்வளவு மெல்லிசாக வார்க்கின்றன. மெல்லிசாக ஆக ஆக விரிசல் பயமும் கூடும்.

இவ்வளவையும் அண்ணனிடம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், தேய்ப்பதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிறுத்தினார். "எப்படித் தேச்சீங்க? வட்டமாவா?"

வட்டமாகத் தேய்க்கவே கூடாதாம். வட்டமாகத் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளையம் வளையமாக விழும். வெயிலுக்கு நேரே பறக்கும்போது அந்த வளையங்கள் எல்லாம் மின்னி விமானியின் கண்ணைக் கூசவைக்கும். ஒரே திசையில் நேராகத்தான் கை போக வேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணும் தூசியும் போகக் கழுவ வேண்டும், வெறுங்கையால் தடவிப் பார்த்து ஒன்றும் நெருடவில்லை என்று தெரிந்த பிறகுதான் துணி. துணியும் பழகின மெல்லிசுத் துணி. கையில் மோதிரம், கடிகாரம் எதுவும் இருக்கக்கூடாது.

"ஒரு பொட்டுத் தூசிதானேன்னு நினைப்பீங்க" என்றார். "மேல போனவனுக்கு அது தூசி இல்லீங்க தம்பி. தூரத்துல ஒரு விமானம் வந்தா எவ்வளவு பெருசாத் தெரியும்? ஒரு பொட்டுதான். கண்ணாடில பொட்டு இருந்தா அதை எதிரின்னு நினைச்சுத் திரும்புவான். இல்லே, எதிரி வரும்போது அதைத் தூசின்னு விட்டுருவான்."

மிக்-21 விமானத்தில் உட்கார்ந்தால் பின்னால் ஒன்றும் தெரியாது. முதுகு உயரமாக இருக்கும். அதற்காகவே பிஸ் கேனப்பியின் நெற்றியில் பின்பக்கம் பார்க்க ஒரு சின்னப் பெரிஸ்கோப் உண்டு. அவ்வளவு இடுக்கான இடத்தில், தெரிகிற கொஞ்ச ஆகாயமாவது சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று வருடக்கணக்காகத் துடைத்தவர், இன்று எதிரில் வரும் டவுன் பஸ்ஸின் நம்பர் தெரியாமல் கண்டக்டரைக் கேட்டு ஏறுகிறார். எனக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை. "கண்ணாடி இவ்வளவு சுத்தமா இருக்கணும்னு சொல்றீங்க. உங்க கண்ணை மட்டும் ஏனுங்கண்ணா இப்படி விட்டுட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் புரை எடுத்தார்கள். அப்போதெல்லாம் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வழக்கமில்லை. புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்துவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு பெரியப்பா படி எது, நிழல் எது என்று தெரியாமல் கிணற்று மேட்டில் விழுந்தது அவர் மனதில் அப்படியே நிற்கிறது. "இப்ப அப்படி இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ளயே பிளாஸ்டிக் வெக்கறாங்களாம். கண்ணுல ஒரு உமி விழுந்தாலே தாங்க மாட்டேங்குது. பிளாஸ்டிக் எப்படிங்க தாங்கும்?"

அப்போதுதான் அவருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். என் ஆபரேஷன் சமயத்தில் படித்துத் தெரிந்துகொண்டது.

1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மேல் ஜெர்மானிய விமானங்கள் வந்துகொண்டிருந்த நேரம். 601-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த கார்டன் கிளீவர் என்ற விமானி ஹரிகேன் விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து கேனப்பி சிதறியது. சிதறிய துண்டுகள் இரண்டு கண்ணிலும் பாய்ந்தன. ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணில் பார்வை மிஞ்சியது, துண்டுகளும் உள்ளேயே தங்கின. அந்தக் கேனப்பி செய்த பொருள் பெர்ஸ்பெக்ஸ் என்கிற அக்ரிலிக். ஹரால்டு ரிட்லி என்கிற கண் மருத்துவர் இந்த மாதிரி அடிபட்ட விமானிகளைப் பார்த்து வந்தார். கண்ணுக்குள் வேற்றுப்பொருள் போனால் கண் பழுத்துப்போகும் என்பதுதான் அன்றைய பாடம். இந்தத் துண்டுகளோ உள்ளே கிடந்தும் கண்ணை ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தன. பிற்பாடு ரிட்லிக்கு ஒரு யோசனை வந்தது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு இதே பொருளால் ஒரு லென்ஸ் கடைந்து உள்ளே வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார். கண்ணிலிருந்து வேண்டாததை எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே ஒன்றை வைப்பதாவது என்று பெரிய பெரிய மருத்துவர்களே அவரை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு அடங்க வருடக்கணக்கில் ஆனது. 2000-ஆம் ஆண்டில், 93 வயதில்தான் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த வருடமே இறந்துபோனார்.

நம் பக்கத்துக்கும் அதில் பங்குண்டு. 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-ல் அவர்களே மதுரையில் ஆரோலாப் என்று ஒன்றைத் தொடங்கி இதே அக்ரிலிக் லென்ஸைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கிராமத்து முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டு போகிறவர் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போனது அதற்குப் பிறகுதான். இப்போது மடக்கி உள்ளே செலுத்துகிற மெத்தென்ற வகை வந்திருக்கிறது. எனக்கு வைத்ததும் அதுதான். அதுவும் பெரும்பாலும் அக்ரிலிக் குடும்பம்தான்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விமானியின் பெயரையோ டாக்டரின் பெயரையோ விசாரிக்கவில்லை. "என்ன சாமான்னு சொன்னீங்க?" என்றார்.

"பெர்ஸ்பெக்ஸ். அக்ரிலிக்."

"ரஷ்யாக்காரன் ஆர்கானிக் கிளாஸ்ம்பான். அதேதான்." விரலால் தொடையில் எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது கீறல் விழுமுங்க. ஆனா கெட்டுப்போகாது."

அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் கழித்து வந்து, கேனப்பிக்கு வர்ணம் அடித்தாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அடிச்சாலும் டேப்பை எடுக்காதீங்க. அதை நாந்தான் எடுக்கோணும்" என்றார்.

டேப்பை உரிப்பது என்பது மாடல் செய்கிறவனுக்குத் தீபாவளி மாதிரி. இத்தனை நாள் மஞ்சளாக மூடிக்கிடந்தது அப்போதுதான் திறந்து, உள்ளே உள்ள அறை தெரியும். அதைப் பிறத்தியாருக்கு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் சரி என்றேன். கூடவே உள்ளதையும் சொன்னேன். டேப்பை ஒட்டினால் வாரக்கணக்கில் அப்படியே விடக்கூடாது. நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், வர்ணமும் முழுசாக இறுகிவிட்டால் உரிக்கும்போது ஓரம் பிய்யும். "நீங்க தேதி குறிச்சுட்டு வந்து சொல்லுங்க. அதைப் பார்த்துத்தான் நான் டேப் ஒட்டுவேன். இல்லைன்னா மிக் இப்படியே மூடியில்லாம நிக்கட்டும்."

முறைத்தார். மறு வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வலது கண் முதலில். வியாழக்கிழமை. புதன்கிழமை இரவு உட்கார்ந்து டேப் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை உள்நிறம், சனிக்கிழமை சாம்பல்.

செவ்வாய்க்கிழமை காலை கறுப்புக் கண்ணாடியோடு மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மேஜை மேல் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி, அதன் மேல் விமானத்தை வைத்தேன். தூரப்பார்வைக்குத்தான் இப்போது லென்ஸ் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அதனால் என் பூதக்கண்ணாடி விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இடுக்கியை வாங்கிக்கொண்டார். டேப்பை மேல்நோக்கித் தூக்காமல், மடித்து, அதன் மேலேயே படுக்கவைத்து இழுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை. ஐந்து துண்டுகளும் ஒவ்வொன்றாக வந்தன. கசிவு எதுவும் இல்லை, ஓரம் பிளேடால் கீறினது போல நேராக நின்றது.

ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். நிறம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். "இன்னுங் கொஞ்சம் நீலம் இருக்கோணும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். பச்சை போதாது என்றவரும் அவர்தானே.

பிறகு, "இடது பக்கம், கீழே, ஒரு பொட்டு" என்றார். நான் பார்த்தேன், தெரியவில்லை. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். டேப்பிலிருந்து உதிர்ந்த ஒரு நூல் துணுக்கு, மயிரிழையிலும் பாதி. "துணி இருக்குங்களா? நல்ல துணி" என்றார். வீட்டுக்காரி பழைய மல் வேட்டியிலிருந்து கிழித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முதலில் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

மிக் இப்போது அவர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.